படி இல்லாத பாதை

பெயரைக் கூப்பிட்டால் “இருக்கேங்க” என்று சொல்வது மொட்டைப்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. காலை ஆறரைக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பெயர்ப் பதிவைத் திறப்பார், பெயர்களை வாசிப்பார், இவர்கள் குரல் கொடுப்பார்கள். குரல் கொடுக்காதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அப்பன் சொன்னான், ஆத்தா சொன்னாள், இப்போது பிள்ளையும் சொல்கிறது. யோசித்துச் சொல்கிற வார்த்தையா அது? தும்மல் வருகிற மாதிரி வருவது.

இந்த விஷயம் தெரியாத ஒரு நல்ல மனிதர் 1998ஆம் வருஷம் மார்ச் மாதம் லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பெயர் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர். வீடமைப்பு வேலைக்கான தொழில்நுட்ப அதிகாரி என்பதால் எல்லாரும் டி.ஓ. ஐயா என்பார்கள். ஆறாம் நம்பர் லயம் என்ற வரிசை வீட்டின் பின்சுவர் மழையில் பிளந்து, அதிலிருந்த பன்னிரண்டு குடும்பமும் எப்போது தலையில் விழுமோ என்று படுத்திருந்த காலம் அது. அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஏழு பேர்ச், அதாவது ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி, காணியும் அதில் ஒரு தனி வீடும் கொடுப்பதாகத் திட்டம் வந்திருந்தது. நாலு தலைமுறையாகப் பத்தடிக்குப் பத்தடி அறையில் பிறந்து, அதிலேயே பிள்ளை பெற்று, அதிலேயே செத்த சனங்களுக்கு ஏழு பேர்ச் என்பது சின்ன விஷயமில்லை.

சிற்றம்பலத்துக்குத் தோட்டத்துத் துரை ஒதுக்கிக் கொடுத்த நேரம் பெரட்டு நேரம்தான். அவர் வீடுகளின் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார், கோலால் தொட்டுக் காட்டினார், கால் மணி நேரம் தன் ஊர்த் தமிழில் விளங்கப்படுத்தினார். ஆட்களுக்கோ கண் மலைமேல் இருந்தது. மேகம் கட்டுகிறது, நேரம் போனால் அன்றைய நிறைக்குக் கொழுந்து பறிக்க முடியாது. “ஆருக்கும் மறுப்பு இருந்தாச் சொல்லலாம், பேரைக் கூப்பிடுங்கோ” என்றார் சிற்றம்பலம். கணக்கப்பிள்ளை அதே செக்ரோலைத் திறந்து அதே குரலில் வாசித்தார். பன்னிரண்டு பேரும் அதே பதிலைச் சொன்னார்கள். சிற்றம்பலம் பன்னிரண்டு பெயருக்கு நேரேயும் ‘சரி’ அடையாளம் போட்டுக்கொண்டு, எவ்வளவு ஒற்றுமையான சனங்கள் என்று மனம் குளிர்ந்து பஸ் ஏறினார்.

அந்தப் பன்னிரண்டில் ஏழாவது பெயர் அற்புதமலர்.

அற்புதமலருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கூடை கட்டினால் மலையில் முதல் நிரை அவளுடையதுதான். வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளமெல்லாம் இல்லை, நேராக இருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளே அன்றைக்கு மற்றவர்களைப் போல “இருக்கேங்க” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள் என்றால் பழக்கம் எவ்வளவு பொல்லாதது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒன்பதாம் நம்பர் மலையில் பறித்துக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சரிவில் இரண்டு ஆட்கள் முளை அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். முளைகள் கீழே ரோட்டோரத்திலிருந்து மலை உச்சியை நோக்கி ஏணி மாதிரி நேரே ஏறின. பகல் சாப்பாட்டுக்கு இறங்கும்போது சுற்றிக்கொண்டு போய்க் கேட்டாள்.

“என்ன தம்பி இது?”

“ஒங்களுக்குத்தான் அக்கா. ஒன்னுக்கு மேல ஒன்னா பன்னண்டு வீடு. நடுவால படி வருது. எண்பத்தாறு படி.”

அற்புதமலர் முளைகளை அடியிலிருந்து உச்சி வரைக்கும் பார்த்தாள். எண்பத்தாறு படி அவளுக்கு ஒன்றுமில்லை. முதுகில் கூடையோடு அதைப்போல நாலு மடங்கு தினமும் ஏறுகிறவள். அவள் நினைத்தது புருஷனை.

பிலிப்பு நிழல் மரத்துக்குக் கிளை கழிக்கிற வேலை பார்த்தவர். தோட்டத்தில் அவர் ஏறாத மரமில்லை, அவரிடம் பேசாத ஆளுமில்லை. 1991இல் ஈரக் கொப்பு ஒன்று முறிந்து, இடுப்பு உடைந்து, பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து திரும்பினார். சமதரையென்றால் இரண்டு கட்டைகளை ஊன்றி மெல்ல நடப்பார். படியென்றால் ஒன்றுகூட முடியாது. லயத்து இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, நிலத்திலிருந்து நாலு படி உயரம். முன்பு அந்த இஸ்தோப்பு லயத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரே நீளமாகத்தான் இருந்தது. குடும்பம் பெருகப் பெருக ஆளாளுக்குப் பலகை அடித்து அடைத்துவிட்டார்கள். ஆகவே பிலிப்பின் உலகம் பத்தடி. அவர் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தண்ணிக்குப் போகிறவர்களும் மலைக்குப் போகிறவர்களும் அவர் முன்னாலேதான் போக வேண்டும். நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அந்த மனுஷன் ஏழு வருஷத்தை ஓட்டியிருந்தார். புது வீட்டில் அதுவும் போய்விடும். நாற்பதாவது படியில் ஒரு வீடு, உள்ளே அவர், வெளியே யாரும் கடக்காத மலை. தனி வீடாம் தனி வீடு!

அன்று ராத்திரி பிலிப்புக்குச் சோறு போட்டாள். அவருக்கு எல்லாம் முன்னமே எட்டியிருந்தது. போகிற வருகிற வாய் எத்தனை.

“எம்பத்தாறாமே,” என்றார்.

“பாத்துக்குவோம்.”

“என்ன மாதிரி ஒருத்தனுக்காக மலையத் திருப்பிப் போட முடியுமா புள்ள? விடு.”

“ஒங்களுக்காகன்னு யாரு சொன்னா?” என்றாள் அற்புதமலர். “நான் மலைக்குப் போயிட்டா நீங்க அடைபட்டுக் கிடப்பீங்க. அதையே நெனச்சுக்கிட்டு நான் கொழுந்து ஆயணும். எனக்காகத்தான்.” எழுந்து போய் அடுப்பை ஊதினாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அன்றைக்கே முடிவு செய்தாள். பிலிப்பின் பெயரை யாரிடமும் எடுக்கக் கூடாது. ‘பாவம் அந்த நொண்டி மனுஷனுக்காக’ என்று ஒருத்தர் வாயிலும் வரக் கூடாது. வந்தால் அவள் காது தாங்காது.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, லுணுகலையில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பசறைக்குப் போனாள். வீடமைப்புக் காரியாலயத்தில் சிற்றம்பலம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, மொட்டைப்பாறைத் தோட்டத்துல படி வேண்டாங்க.”

சிற்றம்பலம் கோப்பையை வைத்தார். “நான் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினனான் அம்மா. ஒருத்தரும் மாட்டம் எண்டு சொல்லேல்லையே. உங்கட பேர் என்ன?” கோவையைப் புரட்டினார். “பாருங்கோ, உங்கட பேருக்கு நேரவும் சரி போட்டிருக்கு.”

அற்புதமலர் அந்தக் கடதாசியைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“ஐயா, அது பெரட்டுங்க. பேரு கூப்புட்டா ‘இருக்கேங்க’ன்னு சொல்லலேன்னா அன்னிக்கு வேல இல்லிங்க. நீங்க, எல்லாரும் செத்துப்போகச் சம்மதமான்னு கேட்டுட்டுப் பேரு கூப்புட்டிருந்தாலும் நாங்க அதையேதான் சொல்லியிருப்போம்.”

சிற்றம்பலத்தின் முகம் ஒரு மாதிரியாகப் போய்விட்டது. கெட்டிக்கார மனிதர், சுருக்கென்று பிடித்துக்கொண்டார். ஆனால் அதிகாரி அல்லவா, உடனே விட்டுக்கொடுத்துவிடுவாரா? “அப்ப படத்தில என்ன பிழை எண்டு சொல்லுங்கோ,” என்று வரைபடத்தை மேசையில் விரித்தார்.

“இது எனக்குப் பாக்கத் தெரியாதுங்க. தரையில போட்டுக் காட்டுங்க. வீடு எம்புட்டோ அம்புட்டுக்கும். நாங்க உள்ளுக்குப் போயிப் பாக்குறோம். புடிச்சிருந்தா நானே மொத ஆளாக் கையெழுத்துப் போடுறேன்.”

“மாத முடிவுக்குள்ள நான் கொழும்புக்கு அனுப்ப வேணும். ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கு. அது எனக்கு லீவு.”

“எங்களுக்கும் அன்னிக்கு ஒரு நாளுதான் லீவுங்க,” என்றாள் அற்புதமலர்.

“சரி, ஞாயிற்றுக்கிழமை வாறன்,” என்று சிற்றம்பலம் வரைபடத்தைச் சுருட்டினார்.

திரும்பும் வழியில் லுணுகலையில் ஸரூக் நானாவின் கடையில் நாலு உருண்டைக் கயிறும் ஒரு பை சுண்ணாம்பும் வாங்கினாள். “என்ன மலர், தோட்டத்தையே கட்டி இழுத்துட்டு வரப் போறீங்களா?” என்று கேட்டார் நானா. “வீடு கட்டப் போறேன்,” என்றாள் அவள். நானா கயிற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பைக்குள் இன்னும் இரண்டு கரண்டி சுண்ணாம்பை அள்ளிப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரட்டுக் களத்தில் சனம் கூடிவிட்டது. சிற்றம்பலம் அளவு நாடாவோடு வந்திருந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. அவர் அளக்க அளக்க ஆட்கள் முளையடித்துக் கயிறு கட்டினார்கள், சுண்ணாம்பு போட்டார்கள். முன்னறை, படுக்கும் அறை, பின்னால் சமைக்க ஒரு குசினி. வாசலுக்கு மூன்றடி இடைவெளி. பக்கத்தில் படிக்கட்டின் அகலத்துக்கு இரண்டு கோடு. வெள்ளைக் கோட்டில் ஒரு முழு வீடு தரையில் படுத்துக் கிடந்தது. பெண்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இரண்டு அறையா, இது நமக்கா என்று ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

சிற்றம்பலம் ஏதோ நினைவில் முன்னறையிலிருந்து குசினிக்கு நேரே நடந்தார்.

“ஐயா, செவுத்துக்குள்ளாற நடக்கிறீங்க,” என்றாள் ரொஷானி. ஃபேக்டரியில் வேலை செய்யும் றொபின்சனின் மனைவி அவள். சனம் கொல்லென்று சிரித்தது. சிற்றம்பலமும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒழுங்காக வாசல் வழியே போய் வந்தார்.

அற்புதமலர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டினாள். முதலில் ஒரு கட்டு மிலாறு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் மிலாறு. அதுதான் அடுப்புக்கு விறகு. ஒரு கட்டு ஆளைவிட நீளம். அதைத் தலையில் வைத்துக்கொண்டு முன்வாசலில் நுழைந்தாள், முன்னறையில் திரும்பினாள். கட்டின் ஒரு முனை படுக்கை அறைச் சுவருக்குள்ளும் மறுமுனை வெளிச்சுவருக்குள்ளும் போயிற்று. குசினிக்குத் தனி வாசல் இல்லை. பிறகு மூன்று பெண்கள் மழையில் நனைந்து மலையிலிருந்து வருகிற மாதிரி கூடையோடும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கோடும் வந்தார்கள். ஈரத்தை எங்கே கழற்றுவது, எங்கே காயப் போடுவது, பிள்ளை படுக்கும் அறை வழியாகத்தானா சொட்டச் சொட்டப் போவது என்று நின்றார்கள். சிற்றம்பலம் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

கடைசியாக ஒரு நீள பெஞ்சைக் கொண்டுவரச் சொன்னாள். நாலு ஆண்கள் தோளில் தூக்கினார்கள். “சவப்பெட்டின்னு வச்சுக்கங்க,” என்றாள். முன்னறையில் வைத்தார்கள், தூக்கினார்கள், வாசலால் வெளியே எடுத்தார்கள், படிக்கட்டின் கோட்டுக்குள் இறங்கத் திரும்பினார்கள். திரும்ப முடியவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரனின் காணிக்குள் நின்றார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு சாவு எப்போதோ ஒரு நாள் வரத்தான் போகிறது.

“மழைக் காலத்துல இந்தப் படியில தண்ணி ஆறா வரும்யா,” என்றான் மழைநீர் வடியும் கான் வெட்டுகிற ஒருவன். “நேராப் படி வெட்டினா அது படியில்ல, கான்.” அதுவரை வாயே திறக்காதவர்கள் எல்லாம் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைத்தாச்சியை எப்படி இறக்குவது, காய்ச்சல்காரனை எப்படித் தூக்குவது, கீழ் வீட்டுப் புகை மேல் வீட்டுக்குள் போகாதா? சிற்றம்பலம் எழுதிக்கொண்டே இருந்தார். பெரட்டுக் களத்தில் சனங்கள் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

அற்புதமலர் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பத்தடி இஸ்தோப்பில் பிலிப்பு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேரை யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

சிற்றம்பலம் கொழும்பில் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு அந்த வாரம் முழுக்கப் படம் கீறினார் போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு வந்தபோது கண் சிவந்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது. வீடுகள் இப்போது மலையில் ஏறவில்லை. மலையின் இடுப்பைச் சுற்றி ஒரே மட்டத்தில் வரிசையாக நின்றன. ஒன்றாம் நம்பர் மட்டும் வண்டி ரோட்டைப் பார்த்துத் தனியாக இருந்தது. அதற்கு அடுத்தாற்போல் தொடங்கி, மற்றப் பதினொரு வீட்டு வாசலுக்கும் முன்னாலே ஒரு பாதை, ஆறடி அகலம், ஒரு படிகூட இல்லை. மேல்பக்கம் ஒரு கான், தண்ணீர் ஓரமாகப் போய்விடும். குசினிக்குத் தனி வாசல், வாசலோடு ஈரம் காயவைக்க ஒரு தாழ்வாரம், அடுப்புக்கு மேலே விறகு காயப் பரண், புகை போக வழி. அத்திவாரத்துக்கு அந்த மலையிலேயே கிண்டி எடுக்கும் கல்.

“ஒண்டே ஒண்டு,” என்றார் சிற்றம்பலம். “திட்டத்தில பாதைக்கு மூண்டு அடிதான் விட்டிருக்கினம். மிச்ச மூண்டு அடியை ரெண்டாம் நம்பரில இருந்து பன்னிரண்டு மட்டும் எல்லாரும் தங்கட காணியில இருந்து விட வேணும். ஒருத்தர் மாட்டம் எண்டாலும் பாதை அந்த இடத்தில அறும். இந்த முறை சரி போடமாட்டன். ஆளுக்கு ஆள் கையெழுத்து.”

யாருக்கு எந்த வீடு என்று அங்கேயே சீட்டுக் குலுக்கினார்கள். அற்புதமலர் சீட்டை விரித்தாள். ஒன்று.

“அடிச்சுது பாரு யோகம்!” என்று சனம் ஆர்ப்பரித்தது. பின்னே? ரோட்டோரம். ஏழு பேர்ச்சில் ஒரு அடிகூடப் பாதைக்குப் போகாது. கடை போடலாம், லொறி வாசலுக்கு வரும். ஆளாளுக்கு அவள் தோளைத் தட்டினார்கள். அவளோ சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றாம் நம்பரின் வாசல் வண்டி ரோட்டில் திறக்கிறது. ரோடு செங்குத்து இறக்கம். பன்னிரண்டு வீட்டில் அந்தச் சமப் பாதையோடு சேராத ஒரே வீடு அதுதான். எந்தப் பாதைக்காக அவள் பசறை வரைக்கும் போனாளோ, அந்தப் பாதையில் பிலிப்பு மட்டும் கால் வைக்க முடியாது. கர்த்தரே, இதென்ன விளையாட்டு என்று மனசுக்குள் கோபித்துக்கொண்டாள்.

கையெழுத்துகள் விழுந்தன. ஆறாம் நம்பர் வந்தபோது றொபின்சன் பேனாவை வாங்கவில்லை.

“நான் குடுக்க மாட்டேன்,” என்றான். “எங்கப்பா செத்தப்ப பொதச்ச ஆறடியும் தோட்டத்து மண்ணுதான். எங்க பரம்பரையில முத முதலா எனக்குன்னு ஏழு பேர்ச் வருது. வந்து கையில படல, அதுக்குள்ள மூணடி குடுங்கிறீங்க. நீங்க குடுங்க. நான் குடுக்க மாட்டேன்.”

யாரும் அவனை வையவில்லை. அவன் சொன்னதில் என்ன தப்பு? அவரவர் நெஞ்சில் இருந்ததைத்தான் அவன் வாயால் சொன்னான். சிற்றம்பலம் தாடையைச் சொறிந்தார். ஆறாம் நம்பருக்கு முன்னால் மட்டும் பாதையைக் கீழே இறக்கி, தாண்டியதும் ஏற்றிவிடலாம் என்றார். இந்தப் பக்கம் ஏழு படி, அந்தப் பக்கம் ஏழு படி.

“ஏழு படிதான?” என்றது சனம். “அது ஒரு படியா? போட்டுருங்க ஐயா.”

எல்லாரும் அற்புதமலரைப் பார்த்தார்கள். அவள்தானே இதையெல்லாம் கிளப்பியவள். “புதன்கிழமை வரைக்கும் பொறுங்க ஐயா,” என்றாள்.

இரண்டு நாள் அவள் தனக்குள்ளேயே மல்லுக்கட்டினாள். ஒன்றாம் நம்பர் வீடு ஆயுசுக்கு ஒரு தடவை விழுகிற சீட்டு. அதை விட்டால் தோட்டமே பைத்தியக்காரி என்று சொல்லும். வைத்துக்கொண்டால் பிலிப்பு ரோட்டில் போகிற லொறியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து கூடையைக்கூட இறக்காமல் நேரே றொபின்சன் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குப் போனாள்.

“தம்பி, ஒன்னாம் நம்பர நீ எடுத்துக்க. ஆற எனக்குக் குடு.”

றொபின்சன் சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்தான். ரொஷானி உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

“ரோட்டோர வீட்ட எவனாச்சும் குடுப்பானா?” என்றான் அவன். “என்னக்கா சூது இது?”

“சூதெல்லாம் இல்ல. ஒனக்கு ஏழு பேர்ச்சும் முழுசா வேணும். அங்க முழுசா இருக்கு. ரொஷானி மிஷின் போட்டுத் தைக்கிறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. ரோட்டுல போற சனம் பூரா அவகிட்டதான் வரும். எனக்கு அந்தப் பாத வேணும். அறுந்து போகாத பாத.”

“பாத எல்லாருக்குந்தான வேணும். ஒனக்கு மட்டும் என்ன அப்புடி?”

அற்புதமலர் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு, மூன்று வாரமாக வாயை விட்டு வராத பேர் வந்தது. “ஒங்க பிலிப்பண்ணனுக்குப் படி ஏற முடியாது.”

றொபின்சன் தட்டைத் தள்ளி வைத்தான். கொப்பு முறிந்த அன்றைக்குப் பிலிப்பைச் சாக்கில் போட்டு லொறிக்குத் தூக்கிப் போனவர்களில் அவனும் ஒருவன்.

“ஏங்க்கா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. அண்ணனுக்குன்னா நான் மூணடி என்ன, ஆறடி குடுத்திருப்பேனே.”

“குடுத்திருப்படா. பாவம்னு குடுத்திருப்ப. பாவம்னு குடுத்த வழிய நாளைக்கு ஒரு சண்ட வந்தா, கோழி குறுக்க ஓடுச்சுன்னு ஒரு சண்ட வந்தா, வேலி போட்டு அடச்சுருவ. அப்புறம் அவரு யாருகிட்ட போய்க் கேப்பாரு? அதான் சொல்லல.”

“அப்ப இப்ப மட்டும் ஏன் சொல்ற?”

“இப்ப நீ ஒன்னும் குடுக்கலையே. மாத்திக்கிறோம்.”

அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். ரொஷானிக்குப் பொறுமை போய்விட்டது. “இந்த மனுசன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வீடே இடிஞ்சு விழுந்துரும்,” என்றாள். “கடதாசியக் கொண்டாங்க அக்கா, இவரு கைய நான் புடிச்சுக்கிறேன்.”

புதன்கிழமை பன்னிரண்டு கையெழுத்தும் சிற்றம்பலத்தின் கையில் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக வாசித்து, ஆட்களை முகம் பார்த்துக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பட்ட பாடு அப்படி.

ஊர் அற்புதமலரைப் பைத்தியக்காரி என்றுதான் சொன்னது. ஒரு மாதம் சொன்னது, பிறகு அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியமா? இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தது. வேலை முடிந்த பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பன்னிரண்டு குடும்பமும் கல் சுமந்தது. சீமெந்து வராமல் ஒரு மழைக்காலம் சும்மா போயிற்று. சிற்றம்பலம் மாதம் இரண்டு தடவை வந்து பாதையில் நீர்மட்டத்தை வைத்துப் பார்ப்பார்; ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் கிண்டச் சொல்லுவார். படத்தை அதற்குப் பிறகு அவர் எந்தத் தோட்டத்திலும் சுவரில் மாட்டியதில்லையாம். முதலில் சுண்ணாம்புதான் கேட்பாராம். மழை வந்து கானில் தண்ணீர் பிசகாமல் ஓடியபோது கான் வெட்டுகிறவன் மீசையை முறுக்கிக்கொண்டான். ஒன்றாம் நம்பரில் ரொஷானி வீடு முடியும் முன்பே தையல் மிஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

2000ஆம் வருஷம் ஆகஸ்டில் குடிபோனார்கள். பிலிப்பை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ஆறாம் நம்பர் வாசலில் இறக்கினார்கள். அவர் இரண்டு நாள் வாசலைவிட்டு அசையவில்லை. பெஞ்சைப் பழையபடி போட்டு உட்கார்ந்துகொண்டார். எதிரே பாதை வெறுமனே கிடந்தது. அற்புதமலருக்கு உள்ளுக்குள் ஆத்திரமாக வந்தது. இவ்வளவும் செய்து, இந்த மனுஷனுக்குப் பத்தடிதான் பழகிப்போயிற்றோ என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்தாள். பெஞ்சு இருந்தது, பிலிப்பு இல்லை. உள்ளே பார்த்தாள், குசினியில் பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள். கட்டை இரண்டையும் காணோம். எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ என்று பாதைக்கு ஓடினாள்.

“எங்க வீட்டுக்காரரப் பாத்தியா?” என்று ஐந்தாம் நம்பரில் கேட்டாள். இந்தப் பக்கம் வரவில்லையே என்றார்கள். திரும்பி ஓடி ஏழாம் நம்பரில் கேட்டாள். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார் என்றார்கள். எட்டில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். ஒன்பதில் பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியைப் பார்த்து எழுத்து சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். பத்தில் யாரும் இல்லை. பதினொன்றில் அந்தப் பக்கம் கை காட்டினார்கள்.

பன்னிரண்டாம் நம்பர் வாசலில், மதிலுக்காக அடுக்கியிருந்த கல்லின்மேல் பிலிப்பு உட்கார்ந்திருந்தார். கட்டைகள் இரண்டும் பக்கத்தில் சாய்ந்திருந்தன. சட்டை வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரனோடு கிரிக்கெட் பற்றிப் பெரிய வாக்குவாதம். அவள் வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

“எங்க போனீங்க?” என்று கேட்டாள் அற்புதமலர்.

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது வருஷமாக அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டி வந்ததே இல்லை.

பிலிப்பு திரும்பிப் பார்த்தார். “ஏன், சொல்லிட்டுத்தான் போகணுமா?” என்றார்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கண் கரித்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு நேரமாச்சு, மலைக்குப் போகணும்,” என்றாள். “சோறு சட்டியில இருக்கு. பேசி முடிச்சுட்டு வந்து, போட்டுத் தின்னுங்க.”

சொல்லிவிட்டுப் பாதையில் திரும்பி நடந்தாள்.